பத்துக் காம்பரா வீடு

1

ஓகஸ்ட் மாதம் மிலான் நகரத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். வசதியுள்ளவர்கள் கடலுக்கோ மலைக்கோ போய்விடுவார்கள். நான் வேலை செய்யும் தையற்கூடத்துக்கும் மூன்று வாரம் விடுமுறை. அப்படி ஒரு மத்தியானம், சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தபோது என் மகள் அனித்தா இலங்கையில் யட்டியாந்தோட்டையிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, நான் காம்பராவுக்குள்ள நிக்கிறேன்."

"எந்தக் காம்பரா?" என்றேன். தெரியாதவள் போலத்தான் கேட்டேன்.

"நீங்க பொறந்த காம்பரா. மாமா கூட்டிட்டு வந்தாரு." பின்னால் கோழிச் சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவில் சிங்களப் பாட்டும் கேட்டன. "அம்மா, மத்த ஒம்பது ரூமும் எங்க?"

அடுப்பை அணைத்தேன். அவள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

நான் ஏன் பதில் சொல்லவில்லை என்பது உங்களுக்கு விளங்க வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தேயிலை, ரப்பர் தோட்டங்களிலிருந்து இதை வாசிக்கிற யாருக்காவது கோபம் வந்தால், அது நியாயமான கோபம்தான்.

2

என் பெயர் பிலோமினா. யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தேன். அப்பா ரப்பர் பால் வெட்டினார். அம்மா தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை. நீர்கொழும்பு சிநேகிதி சாந்தனி மூலமாக இத்தாலிக்கு வந்து இருபத்துநாலு வருடமாகிறது. முதலில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவியைப் பார்த்துக்கொண்டேன். இங்கேயே கல்யாணம், இங்கேயே அனித்தா. அவளுடைய அப்பா இப்போது ரோமில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். அது வேறு கதை. கிழவி இறந்த பிறகு இந்தத் தையற்கூடத்தில் சேர்ந்தேன்.

வீட்டு உள்ளலங்காரம் செய்கிறவர்களுக்குத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுப்பது எங்கள் வேலை. அவர்களில் கிளவுடியா என்ற பெண்மணிதான் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. ஒருநாள் காய்ந்த மாதுளம்பழத்தோலைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, இந்த நிறத்தில் துணி வேண்டும் என்பாள். இன்னொரு நாள் உடைந்த பீங்கான் தட்டு. ஒருவர் வீட்டில் வைத்ததை இன்னொருவர் வீட்டில் வைக்க மாட்டாள். புத்தகப்பிரியர் வீட்டுச் சன்னலடியில் உட்கார்ந்து வாசிக்க ஒரு பலகை, பார்வை மங்கிய கிழவர் வீட்டுக் கதவுப்பிடிகளில் விரலுக்குத் தெரிகிற மாதிரி தோல் சுற்றியது என்று ஆளுக்குத் தகுந்தபடி ஏதாவது செய்வாள். அந்தக் கெட்டித்தனம் எனக்குப் பிடிக்கும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள், மிச்சத் துணியில் என் வீட்டுக்கென்று ஒரு திரை தைத்தேன். தரையில் படுகிற கீழ்விளிம்பில் ஒரு சாண் அகலத்துக்கு வேறு நிறத்துணி வைத்திருந்தேன். கிளவுடியா அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இந்த யோசனை யாருடையது, பிலோ?"

"என் அம்மாவுடையது."

அது உண்மை. பங்களா வரவேற்பறைத் திரைகள் வெயிலில் வெளுத்தபோது துரையின் மனைவி நோனா அவற்றை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். அம்மா நைந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இணைத்து, எங்கள் காம்பராவை இரண்டாகப் பிரித்துக் கட்டினாள். மண்தரையின் அழுக்குத் தெரியாமலிருக்க அடியில் தன் பழைய பச்சைச் சேலையிலிருந்து ஒரு பட்டி வைத்துத் தைத்தாள். லயத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. பார்க்கவென்றே பெண்கள் வந்துபோனார்கள்.

கிளவுடியா சந்தோசப்பட்டு, "உங்கள் வீட்டில் எத்தனை அறை?" என்று கேட்டாள். இத்தாலியில் அறைக்குக் 'காமெரா' என்று பெயர். என் காதில் அது காம்பரா என்றே விழுந்தது. எங்கள் லயம் பத்துக் காம்பரா லயம். பத்துக் குடும்பம். நான் யோசிக்காமல் "பத்து" என்றேன்.

"பத்து அறையா!" என்று அவள் கண்ணை விரித்தாள். அங்கிருந்த மற்றப் பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருடத்தில் ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்த நேரமே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து மூலையில் படம் கீறிக்கொண்டிருந்த அனித்தாவுக்கு அப்போது ஏழு வயது. வீட்டுக்குப் போகிற டிராமில் கேட்டாள்: "அம்மா, எங்களுக்குப் பத்து ரூம் வீடு இருக்கா?"

அவள் வகுப்பில் அவளை யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடாத காலம் அது. "இருக்கு" என்றேன்.

3

ஒரு தடவை சொன்ன பிறகு அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. சுவர் எப்படி, சன்னல் எப்படி என்று அனித்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பங்களா வரவேற்பறையைச் சொன்னேன். சிவப்புச் சிமெந்துத் தரை, பாதியாகத் திறக்கிற மரச் சன்னல், கால் நீட்டிப் படுக்கிற நீண்ட கைப்பிடிப் பிரம்பு நாற்காலி, மேலே கண்ணாடி மூடி போட்ட விளக்கு. ஒன்றையும் நான் கற்பனை செய்யவில்லை. சனிக்கிழமைகளில் அம்மாவோடு போய் அந்தத் தரையை முழங்காலில் நின்று தேய்த்தவள் நான். அந்த அறையின் ஒவ்வொரு நாற்காலிக் காலும் எனக்குத் தெரியும்.

கடதாசி வேலைகளில் இது பெரிய வில்லங்கமாகிவிட்டது. எனக்கு இத்தாலிய மொழி பேச வரும், அலுவலக மொழி வராது. பத்து வயதிலிருந்தே அனித்தாதான் கவுண்டருக்கு முன்னால் நின்று எனக்காகப் பேசுவாள், படிவம் நிரப்புவாள். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துக் கேட்டார்கள். அதில் அப்பாவின் தொழில் ரப்பர் பால் வெட்டுதல் என்று இருக்கிறது. அதை அவள் கையில் கொடுக்கப் பயந்து நான் தனியாகப் போனேன். சான்றிதழில் 'பிலோமினாள்', கடவுச்சீட்டில் 'பிலோமினா'. இரண்டும் ஒரே ஆள்தானா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். எனக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்பதாக விளங்கிக்கொண்டு, "ஆம், இலங்கையில்" என்றேன். கோப்பு திரும்பி வந்தது. திருத்தி முடிக்க இரண்டு வருடம் போனது.

அதைக்கூடச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அனித்தாவை நான் ஒருநாளும் ஊருக்குக் கூட்டிப்போகவில்லை. பரீட்சை, விசா, டிக்கெட் என்று வருடத்துக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அம்மாவுக்கு நோய் கடுமை என்று தம்பி அந்தோனி சொன்னபோதும் தனியாகத்தான் போனேன். கேகாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள்.

"புள்ள எங்கடி?"

"பள்ளிக்கூடம்மா. விட மாட்டேங்கிறாங்க."

அம்மா தலையாட்டினாள். நான்கு நாளில் போய்விட்டாள். பேத்தியைப் போன் கண்ணாடியில்தான் பார்த்திருந்தாள். அந்தப் போன் பேச்சுக்கும் நான் ஒரு விதி வைத்திருந்தேன். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை, வெளியே பலாமரத்தடியில் நின்று பேசுங்கள் என்று அந்தோனியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

4

அனித்தா உள்ளலங்காரமே படித்தாள். கடைசி வருடப் பயிற்சிக்குக் கிளவுடியாவிடமே சேர்ந்தாள். போன வசந்தத்தில் கோமோ ஏரிக்கரையில் ஒரு வீடு கிளவுடியாவுக்குக் கிடைத்தது. அந்த வீட்டு அம்மாளுக்கு 'சிலோன் தோட்டத்து அறை' ஒன்று வேண்டுமாம். கிளவுடியா நேராக என்னிடம் வந்தாள்.

"உன் வீட்டு வரவேற்பறையைத்தான் செய்யப்போகிறேன், பிலோ. படத்தைப் பார்த்துச் செய்தால் உயிர் இருக்காது. அனித்தா போய் அளந்துகொண்டு வரட்டும்."

அனித்தா என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் மழை என்றேன், மண்சரிவு என்றேன், பாதை சரியில்லை என்றேன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. டிக்கெட்டைத் தானே எடுத்துவிட்டாள். விமான நிலையத்தில் அவள் வரிசையில் நின்றபோது சொல்லிவிட நினைத்தேன். "அங்க தண்ணிய கொதிக்க வச்சுக் குடி" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டுக்கு வந்து அந்தோனியைக் கூப்பிட்டேன். அவனும் அப்பாவைப் போலப் பால் வெட்டுகிறவன். மனைவி மேரி, பதினைந்து வயது மகள் சுபாவோடு அதே காம்பராவில்தான் இருக்கிறான்.

"தம்பி, அவள பங்களா கேட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய்க் காட்டு. இதுதான் உங்க அம்மா வீடு, வித்துட்டோம்னு சொல்லிடு. டவுன்ல ரூம் போட்டுத் தங்கட்டும்."

"சரியா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "பஸ் வருது, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

5

அனித்தா போனை வைத்த அந்த மத்தியானம், நான் அந்தோனியைத்தான் கூப்பிட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். அவன் கத்தவில்லை.

"கேட்டு வரைக்கும் போனோம் அக்கா. நீங்க சொன்னத சொல்லத்தான் நெனச்சேன். புள்ள அந்தப் பங்களாவப் பாத்துட்டு, 'மாமா, நீங்க எங்க படுப்பீங்க, எந்த ரூம்'னு கேட்டிச்சு. நான் என்னத்த சொல்ல? அந்த வீட்டுக்குள்ள நான் கால் வச்சதே இல்லையே."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"ஏன் எப்பவும் வெளிய நின்னு பேசச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. அம்மாவுக்கும் தெரியும். மழையில கொடையப் புடிச்சிக்கிட்டு நின்னு பேசும். அக்காவுக்கு என்ன கஷ்டமோன்னு சொல்லும். எங்களப் பத்தி நீங்க வெக்கப்பட்டீங்கன்னு அது ஒரு நாளும் சொன்னதில்ல. நான்தான் சொல்றேன்."

இருபத்துநாலு வருடத்தில் என் தம்பி என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

ஐந்து நாளுக்கென்று போனவள் மூன்று வாரம் அந்தக் காம்பராவில் தங்கினாள். சுபாவோடு ஒரே பாயில் படுத்தாளாம். திரும்பி வந்தபோது காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள். நாலாம் நாள், தட்டைக் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி கேட்டாள்.

"ரூம் சின்னதுன்னா எனக்கு என்ன? அதுக்காகவா அம்மாச்சி சாகும்போது என்னைக் கூட்டிட்டுப் போகல?"

"நீ ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் பத்து ரூம்னு சொல்லியிருந்தே..."

"எனக்கு ஏழு வயசு!"

தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மிச்சத் தட்டுகளை நான் கழுவினேன்.

6

செப்டம்பர் கடைசியில் ஏரிக்கரை அறை முடிந்தது. பங்களாவை யாரும் அளக்கவில்லை. நான் வருடக்கணக்காகச் சொல்லி வந்ததை வைத்தே கிளவுடியா செய்துவிட்டாள். அனித்தாவும் அவளிடம் எதையும் சொல்லவில்லை. திரை மாட்ட நான் கிளவுடியாவோடும் அனித்தாவோடும் போனேன். உள்ளே காலை வைத்தேன். அதே சிவப்புத் தரை, அதே பாதிச் சன்னல். தரையில் ஒரு தூசி இருந்தாலும் நான்தான் ஏச்சு வாங்க வேண்டும் என்பதுபோல் கண் தானாகக் கீழே போனது.

ஏணியில் நின்று கொக்கி மாட்டினேன். அனித்தா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் எழுபது வயதுக்காரி, நல்ல மாதிரி. கையில் காப்பியோடு வந்து, "இறங்குங்கள் சிஞ்ஞோரா. முதலில் நீங்கள்தான் உட்கார வேண்டும். இது உங்கள் வீட்டு நாற்காலி" என்று பிரம்பு நாற்காலியைக் காட்டினாள்.

இறங்கினேன். நாற்காலிக்குப் பக்கத்தில் போனேன். உட்கார முடியவில்லை. பிடிவாதம் ஒன்றுமில்லை, முழங்கால் மடங்கவில்லை.

"இதில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை" என்றேன். "இது என் வீடு இல்லை. என் அம்மா வேலை செய்த வீடு. நான் இந்தத் தரையைத் தேய்த்திருக்கிறேன். எங்கள் வீடு ஒரு அறை. பத்து அறை பத்துக் குடும்பத்துக்கு."

கிளவுடியா முகம் சிவந்து ஏரியைப் பார்த்தாள். அனித்தா ஏணியை விட்டுக் கையை எடுக்கவில்லை. வீட்டுக்கார அம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்: "அப்படியானால், உங்கள் அறை எப்படி இருந்தது?"

தொடங்கியதை நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். திரையைச் சொன்னேன். சுவர் வெடிப்புகளில் காற்று வருமென்று ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தார் பண்டிகைக்கு அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சிப் பங்களாப் பழைய பேப்பர்களை ஒட்டுவதைச் சொன்னேன். துரை சிங்களவர், பேப்பரும் சிங்களம். நான் சிங்களம் வாசிக்கப் பழகியது அந்தச் சுவரில்தான் என்றேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

திரும்பி வரும் ரயிலில் அனித்தா எதிரில் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "அந்தத் தரைக்கு என்ன போடுவீங்க?" என்றாள்.

"செவப்பு பொலிஷ். தேங்கா மட்டையால தேய்க்கணும்."

"முழங்கால் வலிக்குமா?"

"வலிக்கும்."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எழுதவும் சுகமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் கிளவுடியா தையற்கூடத்துக்கு வந்தாள். கோபத்தோடு வருவாள் என்று பார்த்தால், கண்ணெல்லாம் வெளிச்சம். அந்த அம்மாளுக்கு நான் சொன்ன சுவர் மனதைவிட்டுப் போகவில்லையாம். விருந்தாளிகள் முகம் கழுவும் சின்ன அறையை அதேமாதிரிப் பழைய பேப்பர் ஒட்டிச் செய்ய வேண்டுமாம். இலங்கைப் பேப்பர் வரவழைக்க முடியுமா?

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்? அது அழகு, பிலோ. உன் அம்மாவுக்கு மரியாதை."

"அது காற்றுக்கு ஒட்டியது."

கிளவுடியாவுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த என் இத்தாலிய மொழியும் போதவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது. அவள் மிலானில் பழைய சாமான் கடை ஒன்றில் இத்தாலியப் பேப்பர்களை வாங்கிக்கொண்டாள். வரைபடத்தை அனித்தாதான் வரைந்தாள்.

"நான் வரையலைன்னா வேற யாராவது வரைவாங்க அம்மா. பயிற்சி முடிய கிளவுடியா கையெழுத்துப் போடணும்" என்றாள். நான் கோபப்படப் பார்த்தேன். எந்த முகத்தோடு? நானும் அந்தச் சிலோன் அறைக்குத் திரை தைத்துக் கொடுத்தவள்தானே. இப்போதும் கிளவுடியாவுக்குத்தான் தைக்கிறேன்.

அந்தோனியிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "நாங்க பேப்பர் ஒட்டுறத விட்டு எத்தன வருசம் அக்கா. நீல பெயின்ட் அடிச்சிருக்கோம். வந்து பாருங்க."

7

நவம்பர் தொடக்கத்திலிருந்து அனித்தா சாயந்தரங்களில் சமையலறை மேசையில் இன்னொரு படம் வரைந்துகொண்டிருந்தாள். கிளவுடியாவுக்கென்று நினைத்தேன். சுபாவுக்காம்.

சுபா பெரிய பிள்ளையாகிவிட்டாள். உடுப்பு மாற்றவும் படிக்கவும் ஒரு மறைவு இல்லை. பன்னிரண்டுக்குப் பத்து அடிக் காம்பராவில் எங்கே ஒரு சுவர் எழுப்பினால் அவளுக்கு ஒரு மூலை கிடைக்கும், அதற்குள் வெளிச்சமும் வரும் என்று அனித்தா அங்கே இருந்தபோதே அளந்து வந்திருந்தாள். தலைக்கு மேல் உயரத்தில் ஒரு சின்னச் சன்னல், சுவருக்குள்ளேயே புத்தகத்தட்டு, மடித்து வைக்கிற எழுதும் பலகை. மேரிதான் பலகைக்கு அடியில் பானை வைக்க இடம் கேட்டாளாம். என் மகள் அவ்வளவு கவனமாக வரைந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். உள்ளே ஒரு செங்கல் வைக்கவும் தோட்ட ஆபீஸ் கடிதம் வேண்டும். அந்தோனி போய்க் கேட்டான். பழைய பதிவில் அப்பா பெயருக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இருப்பதாகவும், அக்காவும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் யோசிக்கலாம் என்றும் கிளார்க் சொல்லிவிட்டார். எழுத வேண்டிய வாசகத்தையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தோனி அதைப் படம் பிடித்து அனுப்பினான்.

அனித்தாவுக்குச் சிங்களம் தெரியாது. இந்த ஊரில் முதல் தடவையாக நான் அவளுக்கு ஒரு அலுவலகக் கடதாசியை வாசித்துச் சொன்னேன்.

"மேற்படி காம்பராவில் எனக்கு எந்த உரிமையும் கிடையாது. அதனோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. இதை மனச்சம்மதத்தோடு உறுதிப்படுத்துகிறேன்."

அனித்தா பென்சிலைக் கீழே வைத்தாள். "தொடர்பு இல்லன்னு எழுதாதீங்க அம்மா."

"எழுதலைன்னா சுபாவுக்குச் சுவர் இல்ல."

"வேற மாதிரி எழுத முடியாதா?"

அந்தோனியைக் கூப்பிட்டுக் கேட்டோம். கிளார்க்கிடம் தானும் அதையே கேட்டதாகவும், ஒரு எழுத்து மாறினாலும் எடுக்க மாட்டோம் என்றதாகவும் சொன்னான். "பேப்பர்லதானே அக்கா. எழுதிக் குடுங்க. வாசிக்கிறது அவங்க மட்டும்தான்."

இத்தனை வருடம் இதையேதான் வாயால் சொல்லி வாழ்ந்திருக்கிறேன். ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை, எனக்கும் ஒன்றும் நோகவில்லை. இப்போது ஒரு வரியை எழுதி முடிக்க மூன்று தாள் வீணாகிவிட்டது. நாலாவது தாளில் எழுதினேன். சான்றிதழில் இருக்கிறபடி பிலோமினாள் என்று கையெழுத்திட்டேன்.

அனித்தா அதைப் படம் பிடிக்க எடுத்தபோது, அவள் கைக்கு அடியில் இருந்த வரைபடம் முழுதாகத் தெரிந்தது. படுக்கிற இடங்களைப் பெட்டி பெட்டியாகக் குறித்திருந்தாள். அந்தோனியும் மேரியும் ஒரு பெட்டி. சுவருக்கு அந்தப்பக்கம் சுபா ஒரு பெட்டி. இந்தப்பக்கம் புதுச் சுவரை ஒட்டினாற்போல் இன்னொரு பெட்டி இருந்தது. பெயர் எழுதவில்லை.

"இது யாருக்கு?" என்று கேட்டேன்.

"மாமா போடச் சொன்னாரு. 'அக்கா வந்தா எங்க படுப்பாங்க, அதுக்கு எடம் விட்டுட்டுச் சுவரக் கட்டு'ன்னு."